தனகோட்டியை ஷிப்டுக்கு அனுப்பியது

தனகோட்டி செத்து ஒன்பது வருஷம் கழித்து, தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்ட மறு வருஷம், இடது காலில் பூட்ஸ் மாட்டி, வலது கால் பூட்ஸைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, நெய்வேலி இருபத்தொன்றாம் பிளாக்கில் தம்பியின் குவார்ட்டர்ஸ் ஹாலில் வந்து உட்கார்ந்தான். தம்பி கொளஞ்சிநாதன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த புவனா கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகுமுன்பே போய்ச் சேர்ந்த ஆள், போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். போட்டோவில் இருந்த அதே இருபத்தொன்பது வயசு, அதே ஒட்டிய கன்னம். "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, உள்ரூமில் மீசைக்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரிக்க இடம் இருக்குமா என்று பார்க்கப் போனாள். அந்த வீட்டுக்கு அப்படி வந்தவர்களில் அவன் முதல் ஆள் இல்லை.

காரணம் கொளஞ்சிநாதனின் கைப்பழக்கம். அவனுக்குச் சுரங்கத்தில் பெல்ட் பிரிவில் வேலை. பள்ளத்திலிருந்து கரியை ஏற்றிக்கொண்டு ரப்பர் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் சிந்துவதை மண்வாரியால் அள்ளித் திரும்பப் போட வேண்டும். அள்ள அள்ளச் சிந்தும். அவன் அப்பன் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நின்றபோதாவது இதுதான் கடைசி வயல் என்று ஒன்று இருந்தது; பெல்ட்டுக்குக் கடைசி கிடையாது. சங்கு ஊதினால் அள்ளிய கரியை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டியதுதான், அடுத்த ஷிப்ட்காரன் அதே மண்வாரியை எடுத்து அதே இடத்தில் குத்துவான். ஒரே ஒரு சட்டம் உண்டு. மாற்று ஆள், அவனை ரிலீவர் என்பார்கள், வந்து நிற்காமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. மீசை முளைத்ததிலிருந்து இப்படியே வேலை பார்த்த உடம்புக்கு எதையும் முடித்துப் பழக்கமில்லாமல் போயிற்று. கதை எழுத உட்கார்ந்தாலும் அதே கதிதான். எழுத ஆசை அவனுக்குப் பேயாட்டம் இருந்தது. ஆனால் தூரத்தில் சங்கு ஊதிய உடனே, வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும், பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். யாரோ வந்து மீதியை எழுதுவார்கள் என்று அவன் கைக்கு நினைப்பு. கதைக்கு ரிலீவர் வருவதில்லை. பாதியில் நின்ற ஆட்கள் எத்தனை நாள்தான் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்? பிளாக் நம்பரை விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவள் ஒரு பெண். நிலவு போன்ற முகமும் கொடி போன்ற இடையும் கொண்டவள் என்று ஒரு வரி எழுதிவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தான். முகம் நிலவாகவே இருந்தது. விளக்கை அணைத்தாலும் வீடு முழுக்க வெளிச்சம். விடியுமுன் எழுந்து முதல் ஷிப்டுக்குப் போக வேண்டிய எதிர்வீட்டுக்காரர் வந்து, ஜன்னலுக்குச் சாக்கு கட்டச் சொல்லிவிட்டுப் போனார். இடை கொடியாக இருந்ததால் அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. புவனா துணி காயப்போடும் கழியை எடுத்து அவள் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள். "பந்தல் போட்டாத்தான் நிப்பா போலருக்கு. எழுதறதுக்கு முன்னாடி ஒரு எலும்பு வச்சி எழுதக் கூடாதாங்க?" என்று புருஷனிடம் கேட்டாள். அடுத்து ஒரு பண்ணையார் வந்தார். முறுக்கு மீசை என்பதைத் தவிர அவரைப் பற்றி எதுவும் எழுதியிராததால் மீசை மட்டும் வந்தது. நாற்காலியில் கிடக்கும், கோபம் வந்தால் துடிக்கும். கொளஞ்சிநாதன் வீட்டில் யாரும் நிலத்துக்காரனை நிமிர்ந்து பார்த்துப் பழகியவர்கள் இல்லை; தலை குனிந்தபடி ஓரக்கண்ணில் பட்டது மீசைதான். அதற்கு மேல் எழுத அவனிடம் சரக்கு இல்லை.

குடியிருப்பில் யார் யார் அனுமதியில்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஒருவர் வந்தார். ஹாலைப் பார்த்தார், உள்ரூமைப் பார்த்தார். "இவங்களுக்கு ஆதார் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றாள் புவனா. "அப்ப ஆளே இல்லம்மா" என்று சொல்லி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தனகோட்டியின் சங்கதி வேறு. அவன் வெறும் கதையில் வந்தவன் இல்லை, உடன்பிறந்தவன். கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்து, இந்தப் பொங்கலுக்குள் பெர்மனென்ட் ஆகிவிடும், அடுத்த பொங்கலுக்குள் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே, ஒரு விடியலில் சைக்கிளில் முதல் ஷிப்டுக்குப் புறப்பட்டவன் சுரங்க வாசலைச் சேரவில்லை. ரோட்டில் நின்ற கரும்பு டிராக்டரில் மோதிவிட்டான். அவனைப் பற்றி எழுத வேண்டும் என்பதற்காகத்தான் கொளஞ்சிநாதன் பேனாவையே எடுத்தான். வருஷக்கணக்காக எடுத்து எடுத்து வைத்துவிட்டு, ஒருநாள் துணிந்து, அண்ணன் வாசலில் உட்கார்ந்து இடது கால் பூட்ஸைப் போட்டான், வலது கால் பூட்ஸைக் கையில் எடுத்து, என்று எழுதியபோது சங்கு ஊதிவிட்டது. ஷிப்ட் முடிந்து திரும்பி வந்தால் அண்ணன் ஹாலில் இருக்கிறான். நிலவுக்காரியைப் போல ஒளியோ, மீசையைப் போல குறையோ எதுவும் இல்லை. முழு ஆள். காதோரம் கரித்தூள்கூட இருந்தது.

"வந்துட்டியாடா? நேரமாவுதுடா எனக்கு" என்றான் தனகோட்டி.

கொளஞ்சிநாதன் அவன் காலடியில் உட்கார்ந்து அழுதான். அண்ணே, நீ போவாத, போனா செத்துடுவே என்று சொன்னான். அது தனகோட்டியின் காதில் ஏறவில்லை. அந்த விடியலில் அவனிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை, அதனால் இப்போதும் கேட்கவில்லை. "மேஸ்திரி லேட்டுன்னா ஆளத் திருப்பி அனுப்பிடுவான்டா" என்று பூட்ஸைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தான்.

சேதி போய், முத்தாண்டிக்குப்பத்துப் பக்கத்து ஊரிலிருந்து அம்மா ராஜாம்பாள் ஒரு மஞ்சப்பையோடு பஸ் ஏறி வந்தாள். மகனுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை.

அண்ணனைச் சரியாக எழுத வேண்டுமானால் முதலில் எழுதப் பழக வேண்டும் என்று கொளஞ்சிநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. கன்ட்ரோல் ரூமில் பெல்ட்டை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற குமரவேலிடம் போனான். குமரவேல் அவனுக்கு ஒரே செட்டு, ஒன்றாக வேலையில் சேர்ந்தவன். லைப்ரரியில் ஒரு அலமாரி பாக்கியில்லாமல் படித்தவன், ஒரு வரிகூட எழுதாதவன், வாய் மட்டும் நாறும். கொளஞ்சிநாதன் கொடுத்த காகிதங்களைப் படித்துவிட்டு, "எல்லாப் பொம்பளைக்கும் நிலா மூஞ்சியா? உன் பொண்டாட்டி மூஞ்சி எப்படி இருக்கும், சொல்லு பாப்போம்" என்றான். கொளஞ்சிநாதன் காகிதங்களைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான். "கூடவே படுத்து எந்திரிக்கிற, மூஞ்சி தெரியல. நீ கதை எழுதற. தூ. மொதல்ல பாரு. அப்புறம் எழுது. எழுதினா முடி. நாசமாப் போனாலும் முடி. பாதியில வுட்டது ஒனக்கு ஒண்ணும் கத்துக்குடுக்காது."

தினமும் ஒரே நேரத்தில் எழுத உட்கார வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு அதையும் செய்து பார்த்தான். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவனுக்கு ஒரே நேரம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? இந்த வாரம் எழுதிய நேரத்தில் அடுத்த வாரம் கரி அள்ளிக்கொண்டிருப்பான், அதற்கடுத்த வாரம் செத்தவன் மாதிரி தூங்குவான். கடைசியில் கடிகாரத்தை விட்டுவிட்டு உடம்பைப் பிடித்துக்கொண்டான். எந்த ஷிப்டாக இருந்தாலும் வீட்டுக்கு வந்து குளித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால். ஈரத் தலையோடு, பசியோடு. பசியில் எழுதும்போது நிலவு, கொடி, மின்னல் எதுவும் வருவதில்லை என்று கண்டுகொண்டான். சோறு மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அது நல்லதாகப் போயிற்று.

நிலவுக்காரியை முதலில் எடுத்தான். இவள் யார், என்ன வேலை செய்கிறாள் என்று யோசித்தபோது, ஊர்ப்பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கை ஞாபகம் வந்தது. தோலில் கசியும் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து கறுத்துக் கிடக்கும், கழுத்தில் தாலி ஏறினாலும் அந்தக் கறுப்பு இறங்காது. அந்த விரல்களை எழுதினான். எழுத எழுத அவள் முகத்தில் வெளிச்சம் குறைந்து, கன்னத்து மங்கும் மூக்குத்தி ஓட்டையும் தெரிய ஆரம்பித்தன. பெயர் எழில்மதி என்று வைத்ததும் கழியைத் தள்ளிவிட்டு நேராக உட்கார்ந்தாள். "அக்கா, சோறு இருக்குதா?" என்று கேட்டாள். மூன்று வருஷத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. இரண்டு தட்டு சாப்பிட்டாள். அன்றிலிருந்து புவனாவும் அவளும் ஒரே அரட்டை. கொட்டை உடைக்கிற இடத்தில் கங்காணி அவள் கையைப் பிடிக்கிறான், அவன் முகத்தில் தோல் எண்ணெயை வீசிவிட்டு வெளியே நடக்கிறாள் என்று கொளஞ்சிநாதன் கதையை முடித்த மத்தியானம், எழில்மதி எழுந்து தலையை வாரிக்கொண்டாள். "வரேன்க்கா. இந்த பஸ்ஸ வுட்டா அடுத்தது நின்னுகினுதான் போவணும்" என்றாள். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. புவனா அன்றைக்கு ராத்திரி சமைக்கவில்லை. மீசைக்கு வெடித்த குதிகாலும், சர்க்கரை வியாதியும், பேசாத மகனும் வந்து சேர்ந்து, பண்ணையார் ஒரு மாசத்தில் சொல்லிக்கொள்ளாமல் போனார். அந்த இரண்டு கதைகளும் பத்திரிகையில் வந்தன. குமரவேல்கூட, "பரவால்ல, மனுசங்க மாதிரி இருக்காங்க" என்றான்.

கொளஞ்சிநாதனுக்கு அந்தச் சந்தோஷம் நெஞ்சில் இறங்கவில்லை. முடித்தால் போய்விடுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஹாலில் மிச்சம் இருந்தது அண்ணன் மட்டும்.

அன்றிலிருந்து அவன் அண்ணன் கதையை முன்னால் நகர்த்துவதை விட்டுவிட்டுப் பின்னால் நகர்த்தத் தொடங்கினான். ராஜாம்பாள்தான் அதை ஆரம்பித்து வைத்தாள். "புள்ள வந்ததுலேர்ந்து ஒரு வா சோறு துன்னுல. ஏன்டா, நீ எழுதினாத்தான் துன்னுவான்னா எழுதித் தொலையேன்டா." புறப்படுகிற விடியலில் அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அதனால் அதற்கு முந்தின ராத்திரியை எழுதினான். கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டான் என்று எழுதியதும், ஹாலில் இருந்த தனகோட்டியின் தாடை அசைந்தது. இரண்டு வாய் மென்றுவிட்டு, "உப்பே இல்லியேம்மா" என்றான்.

"அவசரத்துல எழுதினா உப்பு எப்படிடா இருக்கும்?" என்று ராஜாம்பாள் சின்ன மகன் மேல் பாய்ந்தாள். "கத்திரிக்கா போட்டனா இல்லியா? கொழம்பு முந்தின நாளுதா, அன்னிக்கி வச்சதா? அவன் அடிச்சட்டிய வழிச்சிதான துன்னுவான். அத்த எழுது." எழுதினான். மண்சட்டியையும், அடியில் ஒட்டிய கருவாட்டு முள்ளையும், விரலை வழித்து நக்குகிற சத்தத்தையும் எழுதினான். தனகோட்டி வயிறு நிறைந்து ஏப்பம் விட்டான். ராஜாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

அதிலிருந்து தினமும் அவள் ஓட்டலில் சொல்கிற மாதிரி சொல்லுவாள். இன்னைக்குக் கேழ்வரகுக் கூழ் எழுது, தைப்பூசத்துக்குப் போனமே அந்தப் புளிச்சோறு எழுது, பண்ருட்டிச் சந்தையில் பலாச்சுளை தின்னுட்டு வவுறு வலின்னு உருண்டானே அதையும் எழுது. கொளஞ்சிநாதன் ஷிப்ட் முடிந்து, குளித்து, பசியோடு உட்கார்ந்து அண்ணனுக்குச் சோறு எழுதுவான். பிறகுதான் தனக்குச் சோறு. எழுதிய காகிதம் சாக்கில் நிறைந்து, இரண்டாவது சாக்கும் நிறைந்தது. தனகோட்டி தம்பியைத் தோளில் வைத்து ஓடையைக் கடந்தது வந்தது, பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றது வந்தது, முதல்முதலாகப் பூட்ஸ் வாங்கிய அன்று போட்டுக்கொண்டே தூங்கியது வந்தது. பின்னால் போகப்போகக் கதை நன்றாக ஆனது, முடிவு தூரமாகப் போனது. நடுவில் கொளஞ்சிநாதனின் தலை நரைத்து, இருபத்தொன்பது வயது அண்ணனுக்கு அவன் சித்தப்பன் மாதிரி ஆகிவிட்டான். குமரவேல் கேட்டது புவனாவின் காதுக்கும் வந்திருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "உங்களுக்கு என் மூஞ்சி இப்பவும் தெரியாதுங்க. தெரியுமா?" அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்க்கும்போதே சங்கு ஊதியது, எழுந்து போனான்.

இரண்டு சாக்கையும் படிக்கக் குமரவேலுக்கு ஒரு கோடைகாலம் ஆயிற்று. படித்து முடித்துவிட்டு, திட்டாமல் சாக்கின் வாயைக் கட்டினான். அது அவன் குணமில்லை. "இந்த மாதிரி நான் படிச்சதில்லடா" என்றான் கடைசியில். "ஆனா இது கதை இல்ல. ஆஸ்பத்திரி. டியூப் வச்சிப் படுக்க வச்சிருக்க."

"முடிச்சா போயிடுவான்டா."

"முடிக்கலன்னா இங்கயா இருக்கான்? கையில பூட்ஸோட பொழுதன்னைக்கும் நேரமாவுதுன்னு சொல்லிகினு கெடக்கான்."

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனகோட்டி வந்த நாளிலிருந்து அந்தப் பூட்ஸைக் கீழே வைக்கவில்லை. கீழே வைத்தான் என்று கொளஞ்சிநாதன் ஒருமுறை எழுதியும் பார்த்தான். தனகோட்டி வைத்தான், உடனே திரும்பத் தூக்கிக்கொண்டான். ஷிப்டுக்குப் புறப்பட்ட பிறகு பூட்ஸைக் கீழே வைக்கிற ஆள் இல்லை அவன். வருஷக்கணக்காக அந்தரத்தில் நின்ற கை முதலில் நடுங்கியது, பிறகு வீங்கியது, கொரோனா அடங்கிய வருஷம் விரல்கள் நீலம் பாரித்துப் போயின. ராஜாம்பாள் தினமும் வேப்பெண்ணெய் காய்ச்சி உருவிவிடுவாள். அப்படி உருவிவிட்டுக்கொண்டிருந்தபோது ஒருநாள் சட்டென்று நிறுத்தினாள்.

"மரக்கட்டயாட்டம் ஆயிட்ச்சிடா இது" என்றாள். "எனக்காவத்தான இவன உக்கார வச்சிகினு கெடக்க? போதும். ஆள மாத்தி வுடு."

"எங்க போவான்னு தெரியுமில்லம்மா?"

"ஏன், பெத்தது நான்தான? அன்னிக்கி ரோட்டுல உருண்டது நான்தான? எனக்குச் சொல்ல வந்துட்டான்."

கொளஞ்சிநாதன் முடிவை எழுத உட்கார்ந்தான். எழுதப் பழகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்த கை அந்த இடம் வந்ததும் பழைய கையாக மாறிவிட்டது. விதி அன்று கரும்பு டிராக்டரின் ரூபத்தில் அவனுக்காகக் காத்திருந்தது என்று எழுதினான். தனகோட்டி பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சாயங்காலம் புழுதியோடு திரும்பி வந்தான். "அங்க யாரும் காத்துகினு இல்லியேடா. ரோடு வெறிச்சோன்னு கெடக்குது" என்று சொல்லி, வலது பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்ததாக, மனசு கேட்காமல், விபத்தே இல்லாமல் பெர்மனென்ட் ஆர்டர் வாங்குகிற மாதிரி எழுதினான். தனகோட்டி வெள்ளைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "இதுல ஒண்ணுமே எழுதலியேடா, நீயே பாரு" என்றான். கண்ணில் அவ்வளவு ஆசை இருந்தது. அதன் பிறகு கொளஞ்சிநாதன் எதையும் சொல்லாமல், அவன் போய்க்கொண்டே இருந்தான் என்று மூன்று புள்ளி வைத்து நிறுத்தினான். தனகோட்டி கேட் வரைக்கும் போய் அங்கேயே நின்றான். போகவும் இல்லை, வரவும் இல்லை. ஐப்பசி மழை இரண்டு நாள் அவன் மேலேயே பெய்தது. எதிர்வீட்டு மலர்விழி குடை கொண்டுவந்து பிடித்துக்கொண்டு, "பாவம்ங்க அவரு. ஏதாச்சும் ஒண்ணு எழுதுங்க சார்" என்றாள். மூன்று புள்ளியையும் அடித்த பிறகுதான் தனகோட்டி ஹாலுக்குத் திரும்பி வந்தான். ராஜாம்பாள் மகனின் தலையைத் துவட்டிக்கொண்டே சின்னவனைப் பார்த்த பார்வையில், கொளஞ்சிநாதன் கூனிக் குறுகிப் போனான்.

"நீ பார்த்தது என்னடா?" என்று குமரவேல் கேட்டான். "விதியப் பார்த்தியா? என்ன பார்த்தியோ அது."

கொளஞ்சிநாதன் பார்த்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் கையில் கொடுக்கப்பட்ட டிபன் பாக்ஸ். அது நசுங்கவே இல்லை. அவன் மூடியைத் திறந்து பார்த்திருந்தான். சோறு சுட்டது. அண்ணனைத் துணியால் மூடிவிட்டார்கள், அண்ணனின் சோறு இன்னும் ஆறவில்லை. அதை அவன் அம்மாவிடம் சொன்னதில்லை, புவனாவிடம் சொன்னதில்லை, இரண்டு சாக்குக் காகிதத்தில் ஒரு இடத்திலும் எழுதியதில்லை.

ஒரு மத்தியானம், குளித்துவிட்டு, ஈரத் தலையோடு உட்கார்ந்து எழுதினான். டிராக்டர் பஞ்சர். டிரைவர் ஆள் கூட்டி வரப் போயிருந்தான். பின்பக்கம் விளக்கு இல்லை. கரும்பு வண்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. தனகோட்டி வேகமாக மிதித்தான், நேரமாகியிருந்தது. அந்த வாக்கியத்தில் இருக்கும்போது இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. கை தானாகப் பேனாவை வைக்கப் போனது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டு, டிபன் பாக்ஸை எழுதினான். மூடியைத் திறந்ததை எழுதினான். சோறு சுட்டது என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தான். எழுதுவதற்கு அதற்கு மேல் எதுவும் இல்லை.

ஹாலில் தனகோட்டி வலது கால் பூட்ஸைப் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டினான். கையை இரண்டு தரம் விரித்து மூடிப் பார்த்துக்கொண்டான். கேட்டில் அவனுடைய பழைய சைக்கிள் வந்து சாய்ந்திருந்தது. ராஜாம்பாள் அடுப்படிக்குப் போய்ச் சோற்றைச் சூடாக டிபன் பாக்ஸில் அழுத்திக் கட்டிக்கொண்டு வந்தாள். எதற்கென்று தெரிந்துதான் கட்டினாள். அன்றைக்குச் சொன்னதையே சொன்னாள், வேறெதுவும் சொல்ல அவளால் முடியவில்லை. "மெதுவாப் போடா."

"நேரமாயிட்ச்சிம்மா" என்றான் தனகோட்டி.

தெருவில் மத்தியான வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவனைச் சுற்றி மட்டும் விடியாத இருட்டு இருந்தது. அவன் மிதிக்க மிதிக்க அந்த இருட்டும் கூடவே தெருமுனை வரைக்கும் நகர்ந்தது. கொளஞ்சிநாதன் பின்னால் ஓடினான். கேட்டைத் தாண்டிக் கால் எழவில்லை. அந்த விடியலில் அவன் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான், அந்தக் கதையில் அவனுக்கு அங்கே வேலை இல்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். புவனா வந்து பக்கத்தில் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் சேதி வந்துவிட்டது. முத்தாண்டிக்குப்பம் ரோட்டில், முதல் தரம் மோதிய அதே வளைவில் கிடந்தான். டிராக்டர் எதுவும் இல்லை, ரோட்டில் கரும்புத் தோகை மட்டும் சிதறியிருந்தது. ஸ்டேஷனில் எழுத்தர் பேரைக் கேட்டுவிட்டு, "இவருக்குக் கேஸ் போட்டு மூடி இருபது வருசத்துக்குக் கிட்ட ஆவுதே. ஒரே ஆளுக்கு ரெண்டு கேஸ் போட எடமில்லீங்க. தூக்கிகினு போங்க" என்று விட்டுவிட்டார். ஊருக்குக் கொண்டுபோனார்கள். பறையடிக்க வந்தவர்கள் யார் செத்தது என்று கேட்டார்கள். தனகோட்டி. அவரு அப்பவே போயிட்டாரே. ஆமாம், இப்ப மறுபடியும். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு நெருப்பில் தோலைக் காய்ச்சினார்கள். முதல் சாவுக்கு மாலை போட்டவர்களில் உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். பழைய குழியைத் தோண்டியபோது அது காலியாக இருந்தது, அதிலேயே வைத்தார்கள். ராஜாம்பாள் இந்த முறை ரோட்டில் உருளவில்லை. அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் மடங்கின. "கை நல்லாயிட்ச்சி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

இரண்டு சாக்கில் பதினோரு பக்கத்தை மட்டும் குமரவேல் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். மற்றதெல்லாம் சமைத்துப் பார்த்தது என்றான். பத்திரிகைக்காரர் போன் செய்து, கடைசிப் பத்தியில் தாய் கதறுகிற மாதிரி இரண்டு வரி சேர்த்தால் இன்னும் கண்ணீர் வரும், கொஞ்சம் திருத்திக் கொடுங்கள் என்று கேட்டார். கொளஞ்சிநாதன், "முடியாதுங்க. திருத்தினா அவரு திரும்ப வந்து உக்காந்துடுவாரு" என்றான். எழுத்தாளனுக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று அவர் நினைத்துக்கொண்டார். கதை அப்படியே வந்தது. நிறையப் பேர் பாராட்டினார்கள். அண்ணனை இரண்டு தரம் புதைத்ததற்குக் கிடைத்த பாராட்டை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஹால் பெரிதாகத் தெரிந்தது. ராஜாம்பாள் அதே சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கொளஞ்சிநாதன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்.

"அடுத்தது யார எழுதப் போற?"

"தெரியலம்மா."

"என்ன மட்டும் எழுதாத."

அவன் பேனாவின் மூடியைத் திருகி மூடினான்.

"நான் போனா போனதாவே இருக்கட்டும்டா. என்ன இசுத்துகினு வந்து உக்கார வச்சி, கூழு எழுதறேன் கஞ்சி எழுதறேன்னு ஆரமிச்சிடாத. சொல்லு, எழுதமாட்டன்னு."

"எழுதமாட்டேம்மா."

"இவன் சொல்லுவான்" என்றாள் புவனாவைப் பார்த்து. "நீ பாத்துக்க."

அதற்கடுத்த வருஷம் கத்திரி வெயிலில் ராஜாம்பாள் போய்ச் சேர்ந்தாள். தூக்கத்திலேயே போனாள், யாரையும் படுத்தவில்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு மலர்விழி ஒரு கொத்துக் கருவேப்பிலையோடு வந்தாள். ஹாலை எட்டிப் பார்த்தாள்.

"ஆயா இன்னும் வர்லீங்களா?"

"வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றாள் புவனா.

"அப்படியா, சரிங்க" என்று மலர்விழி கருவேப்பிலையைக் கொடுத்துவிட்டு, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.